கழுத்துத் தலகாணியின் எடை

என்ன வேணும்னாலும் கேளுங்க தம்பி, இந்தத் தலகாணிய மட்டும் கேக்காதீங்க. தண்ணி பாட்டில் தாரேன். இந்த வெண்ணெய்ப் பொட்டலம் தாரேன், நான் திங்கறதில்ல. ஜன்னலோரம் வேணுமா, எந்திரிச்சு விடுதேன். தலகாணி மட்டும் கிடையாது. "சும்மாதானே மடியில வச்சிருக்கீங்க, கொஞ்ச நேரம் கழுத்துல போட்டுக்கிடட்டுமா"ன்னு கேட்டீங்க. நியாயமான கேள்விதான். ஆனா சும்மா வைக்கல. ஏன்னு சொன்னாத்தான் உங்களுக்கும் மனசு ஆறும். இறங்குறதுக்கு இன்னும் பதிமூணு மணி நேரம் கெடக்கு. ரெண்டே நிமிஷத்துல சொல்லிட்டு உங்களத் தூங்க விட்டுருதேன்.

என் பேரு சைலப்பன். ஊரு பாளையங்கோட்டை. முத்திரை ஆய்வரா இருந்து ரிட்டயர் ஆனேன். முத்திரைன்னதும் பத்திர ஆபீசுன்னு நினைச்சிராதீங்க, எல்லாரும் அப்படித்தான் நினைக்காங்க. கடைக்குக் கடை போயி தராசு, படிக்கல்லு, லிட்டர் அளவையெல்லாம் சரியா இருக்கான்னு சோதிச்சு முத்திரை குத்துவோம்லா, அந்த வேலை. முப்பத்தோரு வருஷம். என் தலையக் கண்டாலே மார்க்கெட்ல பாதிக் கடை ஷட்டர இறக்கிருவாங்க. அவ்வளவு மரியாதை.

எனக்கு ஒரே மக, வடிவு. அமெரிக்காவுல இருக்கா. மொத பிரசவம். நானும் என் வீட்டுக்காரி ஆவுடையும் போறதுன்னு ஏற்பாடு. கெளம்புறதுக்கு மூணு வாரத்துக்கு முன்னாலயே ஆவுடை பிள்ளைபெத்தவளுக்குக் குடுக்குற மருந்துக்குச் சாமான் சேக்க ஆரம்பிச்சிட்டா. சுக்கு, மிளகு, ஓமம், திப்பிலி, சித்தரத்தை, வால்மிளகு, பெருங்காயம். இன்னும் என்னென்னமோ. ஒண்ணொண்ணா காயவச்சு, தனித்தனியா வறுத்து, இடிச்சு, சலிச்சு, அஞ்சு நாள் வேலை. அங்க போயி கருப்பட்டி போட்டுக் கிண்டிக்கிடலாம், பொடி இங்கருந்துதான் போணும்னா. "நான் மாசமா இருக்கையில எனக்கு இதப் பண்ணிக்குடுக்க ஆளில்லங்க, எம்பிள்ளைக்கு நான் பண்ணிக் குடுப்பேன்"னு நாலு தடவையாவது சொல்லிருப்பா. நான் கேட்டுக்கிட்டுதான் இருந்தேன்.

பெட்டி கட்டுனது நான். ஒரு பெட்டிக்கு இருபத்திமூணு கிலோ, மொத்தம் நாலு பெட்டி. சட்டம் சட்டம்தானே? வீட்டுல தராசத் தொங்கவிட்டு எடை போட்டேன். தராசு சரியா இருக்கான்னு சரிபாக்க ஒரு கிலோ படிக்கல் ஒண்ணு வச்சிருக்கேன், என் சர்வீஸ் ஞாபகமா. அதையும் பெட்டியில வச்சேன். ஊரு விட்டு ஊரு போறோம், அங்க எந்தத் தராச நம்புறது? வச்சுப் பாத்தா நாலாவது பெட்டியில ஒரு கிலோ எழுநூத்தி நாப்பது கிராம் கூடுது. மருந்துப் பொட்டலத்த எடுத்துத் தட்டுல வச்சேன். ஒரு கிலோ எழுநூத்தி நாப்பது! ஒரு கிராம் முன்னப் பின்ன இல்ல தம்பி. எனக்குன்னா அப்படியொரு சந்தோஷம். கடவுளே கணக்குப் போட்டு எடுத்துக்குடுத்த மாதிரி இருந்துது. எடுத்து வெளிய வச்சிட்டேன்.

"இது வடிவுக்குங்க"ன்னா.

"எடை கூடுதுட்டி"ன்னேன்.

"அந்த இரும்புக் கல்ல எடுத்து வைங்க"ன்னா.

"அது ஒரு கிலோதான், கணக்கு தீராது"ன்னேன். சரியாத்தானே சொல்லியிருக்கேன்? அவ என்னை ஒரு பார்வை பாத்தா. பொட்டலத்த எடுத்துக்கிட்டு உள்ள போயிட்டா. அன்னைக்கு நிறுத்துனதுதான் பேச்சு.

பதினோரு நாள். காப்பி வரும், சோறு வரும், சத்தம் வராது. "காப்பியில சீனி கம்மி"ம்பேன். அடுத்த காப்பியில சீனி சரியா இருக்கும், பதில் இருக்காது. மொத மூணு நாள் நிம்மதியாத்தான் இருந்தேன், பொய் சொல்ல மாட்டேன். நாலாம் நாள்ல இருந்து சரிப்படல. நானே கேள்வி கேட்டு நானே பதில் சொல்லிக்கிட்டு அலையுதேன். பக்கத்து வீட்டு ஆளு, ஃபோன்ல யாருகிட்டயோ பேசுதேன்னு நினைச்சிருக்காரு. முப்பத்திநாலு வருஷத்துல அவ பேசுனதுல முக்கால்வாசிய நான் காதுல வாங்குனதில்ல தம்பி. ஆனா அது இல்லன்னா காது அடைச்ச மாதிரி ஆயிருது.

இந்தத் தலகாணி அப்ப வாங்குனதுதான். ரொம்ப தூரம் உக்காந்துக்கிட்டே போணும், கழுத்து பிடிச்சிக்கிடும்னு மாப்பிள்ளை ஃபோன்ல சொன்னாரு. ஜங்ஷன்ல ஒரு கடையில வாங்குனேன். அட்டையில இருநூத்திப் பத்து கிராம்னு போட்டிருந்தான். வீட்டுக்கு வந்து எடை போட்டேன், இருநூத்திப் பத்து. நேர்மையான கம்பெனி. அதோட அத மறந்துட்டேன். நான் ஒரு பொருள ஒருக்கா எடை போட்டா மறுக்கா போடுறதில்ல. முத்திரை குத்துனா வருஷம் பூரா செல்லும்லா?

திருவனந்தபுரம் ஏர்போர்ட்ல இறங்குனதும் ஆவுடை இந்தத் தலகாணிய எடுத்து என் கழுத்துல மாட்டுனா. பதினோரு நாளுக்குப் பொறவு மொதப் பேச்சு: "இதக் கழுத்துல போட்டுக்கோங்க. கழட்டக் கூடாது." தம்பி, மாலை போட்ட மாதிரி நின்னேன்.

கொஞ்சம் கனமாத்தான் இருந்துது. இல்லன்னு சொல்லல. அன்பு வந்தா மனுசனுக்கு எதுவும் கனமாத் தெரியும்போலன்னு நினைச்சிக்கிட்டேன். சோதனை போடுற எடத்துல மெஷினுக்குள்ள விட்டு எடுத்தாங்க. ஒருத்தர் தலகாணிய அமுக்கிப் பாத்தாரு, மோந்து பாத்தாரு, "ஆயுர்வேதமா?"ன்னு மலையாளத்துல கேட்டாரு. ஆவுடை படார்னு "அதே"ன்னா, அவங்க பாஷையில ஆமான்னு. அவ மலையாளம் பேசி நான் கேட்டதே இல்ல. ஓகோ, மருந்துத் தலகாணி போல, எனக்குன்னு தனியா ஏதோ மூலிகை வச்சிருக்கான்னு எனக்கு ஒரே பெருமை. கேக்கலாம்னு பாத்தேன். பேச்சு மறுபடியும் நின்னுட்டா என்ன பண்றது? கேக்கல.

நடுவுல ஒரு ஊருல பிளேன் மாறி ஏறி உக்காந்தோம். நான் நடுவுல, அவ இந்தப் பக்கம், ஜன்னலோரம் ஒரு வெள்ளைக்காரரு. நல்ல மனுசன், ஆனா பாவம், சளி. ஏறுனதுல இருந்து தும்மல். நான் அவரு பக்கம் திரும்பி ஆறுதல் சொன்னா இன்னும் கூடுது. ஆவி பிடிக்கச் சொல்லி கையால நடிச்சுக் காட்டுனேன். கண்ணுல தண்ணி ஊத்துது அவருக்கு. ஒரு மணி நேரத்துல பணிப்பெண்ணக் கூப்பிட்டு வேற சீட்டு கேட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு. புருசன் பொஞ்சாதி தாராளமா உக்காரட்டும்னு ஒரு பெருந்தன்மை. நம்மாளுங்க செய்வாங்களா? பின்னால ஒரு அம்மா, யாரோ ரசம் கொண்டாந்திருக்காங்க, வாசனை வருது, தங்களுக்குத் தரமாட்டேங்கிறாங்கன்னு புகார் வேற சொல்லிருக்கா. பணிப்பெண்ணு வந்து ஒவ்வொரு வரிசையா குனிஞ்சு தேடுனா. நானும் சீட்டுக்கு அடியில தேடிக் குடுத்தேன்.

அதெல்லாம் கெடக்கட்டும். விஷயத்துக்கு வாரேன். நான் தூங்குனேன் தம்பி. பஸ்ல தூங்க மாட்டேன், ரயில்ல தூங்க மாட்டேன், ஆபீஸ்ல கூடத் தூங்குனதில்ல. அன்னைக்கு ஒம்போது மணி நேரம் தூங்குனேன். ஏன் தெரியுமா? நான் ஒரு பக்கம் சாஞ்சா அவ எந்திரிச்சு என் தலைய நிமித்தி வைப்பா. தலகாணிய ஓரத்துல ஓரத்துல தடவிப் பாப்பா. ரெண்டு தட்டு தட்டுவா, மெதுவா, தொட்டில் பிள்ளையத் தட்டுற மாதிரி. "பாத்து, நசுக்கிராதீங்க"ம்பா. மணிக்கு ஒரு தடவை. அவ பொட்டுத் தூக்கம் தூங்கல. எச்சில் வடிஞ்சா சேலைத் தலைப்பால துடைச்சா. கல்யாணம் ஆன புதுசுல கூட அவ என்னை இப்படிப் பாத்ததில்ல. கண்ண மூடிக்கிட்டே முழிச்சிருந்து அந்தத் தட்டுக்காகக் காத்திருந்தேன், வெக்கத்த விட்டுச் சொல்லுதேன். கடைசி ரெண்டு மணி நேரம் கழுத்து காந்துச்சு. எரிச்சல். மூலிகை வேலை செய்யுதுன்னு பல்லக் கடிச்சிக்கிட்டு இருந்தேன்.

இறங்குறதுக்கு முன்னால ஒரு தாளு குடுத்தாங்க. தின்பண்டம், விதை, பொடி, ஏதாச்சும் கொண்டாறீங்களான்னு கேள்வி. நான்தான் பூர்த்தி பண்ணுனேன். இல்லை, இல்லை, இல்லைன்னு வரிசையா டிக் அடிச்சுக் கையெழுத்துப் போட்டேன். ஆவுடை எட்டிப் பாத்துக்கிட்டே இருந்தா. "என்ன?"ன்னேன். "ஒண்ணுமில்ல"ன்னா.

பெட்டி எடுக்குற எடத்துல நிக்கோம். ஒரு நாய் வருது. சின்ன நாய், காது தொங்கிக்கிட்டு, சட்டை எல்லாம் போட்டிருக்கு. கூட்டத்துல அத்தனை பேரு நிக்காங்க, நேரா என்கிட்ட வந்து, என் மூஞ்சிய ஒருக்கா பாத்து, காலடியில உக்காந்துட்டு. நல்ல நாய்னு தடவிக் குடுக்கப் போனேன். கூட வந்த ஆபீசரம்மா, தடவக் கூடாது, தனியா வான்னு கூட்டிட்டுப் போயிட்டா.

பெட்டி நாலையும் திறந்தாங்க. ஒண்ணுமில்ல. படிக்கல்ல மட்டும் ரெண்டு பேரு மாத்தி மாத்தித் தூக்கிப் பாத்தாங்க. நாய் பெட்டியப் பாக்கவே இல்ல. என் கழுத்தப் பாத்துக்கிட்டே இருக்கு. அந்தம்மா தலகாணியக் கழட்டச் சொல்லி மேசையில வச்சா. தொம்முன்னு சத்தம். அந்தச் சத்தத்துல எனக்குத் தெரிஞ்சு போச்சு தம்பி. முப்பத்தோரு வருஷம் தட்டுல சாமான் விழுற சத்தத்தக் கேட்டவன். அது இருநூத்திப் பத்து கிராம் இல்ல.

கத்திரிக்கோலால தையல வெட்டுனா. உள்ள பஞ்சு இல்ல. பிளாஸ்டிக் கவர், கொடல் மாதிரி நீளமா சுத்தி, நிறையப் பொடி. ஒரு முனையில கவர் பிஞ்சிருக்கு. வாசனை கெளம்புச்சு பாருங்க, பாளையங்கோட்டையில எங்க அடுக்களையே அங்கன வந்து நின்னுட்டு.

எனக்கு மொதல்ல கோவம் வரல. பயமும் வரல. என்ன வந்துச்சுன்னா, அந்த ஒம்போது மணி நேரமும் மனசுல திரும்ப ஓடுச்சு. நிமித்தி வச்சது, தடவுனது, எச்சில் துடைச்சது. "பாத்து, நசுக்கிராதீங்க." அம்புட்டும் மருந்துக்கு. எனக்கில்ல. நான் ஒரு கோணிச் சாக்கு மாதிரி அத சுமந்துக்கிட்டு வந்திருக்கேன், அவ சாக்கத் தட்டிப் பாத்துக்கிட்டே வந்திருக்கா. அத்தனை பேரு மத்தியில நெஞ்சு காலியாப் போன மாதிரி ஆயிட்டு.

"இது யார் வச்சது?"ன்னு அந்தம்மா கேக்கா. ஆவுடை முகம் வெளுத்துப் போச்சு. வாயத் திறந்தா. என்ன சொல்ல வந்தாளோ, அதுக்கு முன்னால நான் "மைன்"ன்னேன். "மை பில்லோ. மை பவுடர். ஒய்ஃப் நாட் நோயிங்"ன்னேன். கையெழுத்துப் போட்ட தாள்ல இல்லைன்னு எழுதியிருக்கியேன்னா. அப்ப நான் சொன்னேன் பாருங்க, "மேடம், தெரியாம நடந்துட்டு மேடம், வீட்டு உபயோகத்துக்குத்தான் மேடம், இந்த ஒரு தடவை மேடம்." அப்படியே இங்கிலீசுல. மார்க்கெட்ல எத்தனையோ கடைக்காரன் எனக்கு முன்னால கையக் கட்டிக்கிட்டுச் சொன்ன அதே வசனம். ஒரு தடவை கூட நான் விட்டதில்ல. ஏன் அப்படிச் சொன்னேன்னு கேக்காதீங்க. அவ தட்டுனது எனக்காக இல்ல, ஆனாலும் சொன்னேன்.

எம்புட்டு இருக்கும்னு கேட்டா. "ஒன் கேஜி செவன் ஃபார்ட்டி"ன்னேன். அவ நம்பல. தராசுல வச்சா. ஒரு கிலோ எழுநூத்தி இருபத்தஞ்சு காட்டுது. எனக்கு ரோசம் வந்துட்டு. "உன் தராசு தப்பு, பெட்டியில படிக்கல் இருக்கு, வச்சுப் பாரு"ன்னேன். அவ என் காலரு பக்கம் கையக் காட்டுனா. கழுத்தத் தடவிப் பாத்தா, கை பூராப் பொடி. அந்தப் பதினஞ்சு கிராம் என் கழுத்துலதான் தம்பி இருந்துது. அதான் அந்த எரிச்சல். தராசு சரியாத்தான் இருந்துது. சரின்னு அந்தம்மாகிட்டச் சொல்லிப் பாராட்டுனேன்.

இன்னொரு ஆபீசரக் கூப்பிட்டா. அவரு கிட்டப் போயி மோந்தாரு. ஏழு தும்மல், எண்ணுனேன். நாய் எந்திரிச்சு தூரப் போயி உக்காந்துக்கிடுச்சு. ரெண்டு பேரும் குசுகுசுன்னு பேசி, வறுத்த பொடிதானே, விதை இல்ல, கொண்டு போங்க, அடுத்த தடவை எழுதிக் குடுங்கன்னு விட்டுட்டாங்க. நானா இருந்தா விட்டிருக்க மாட்டேன்.

கார்ல போகையில ஆவுடை கேட்டா: "கழுத்து எரியுதா?"

"இல்ல"ன்னேன். அன்னைக்கு ரெண்டாவது பொய்.

வடிவு அந்த மருந்த ஆசையாச் சாப்பிட்டா. நல்லா இருக்கா, பேத்தியும் நல்லா இருக்கா. ஆவுடை பழையபடி பேச ஆரம்பிச்சிட்டா, என்கிட்டயும்தான். சோறு, துணி, பால், "அந்தக் கதவச் சாத்துங்க", எல்லாம் பேசுவா. ஆனா எனக்கு உள்ளுக்குள்ள ஒரே கேள்விதான். மூணு மாசமா அதே கேள்விதான். தூக்கத்துல நான் சாஞ்சப்ப, ஒரு தடவையாவது, ஒரே ஒரு தட்டாவது, எனக்காகத் தட்டுனாளா? போயிக் கேக்கவா முடியும்? அறுபத்திமூணு வயசுல இதக் கேட்டா சிரிக்க மாட்டாளா?

ஆறு மாசம் இருக்குறதாத்தான் திட்டம். ஆவுடை இருக்கா. என்னை மட்டும் மாப்பிள்ளை முன்கூட்டியே அனுப்பி வைக்காரு. ரொம்ப அக்கறையான பையன். பேத்தி பால் குடிக்குறதுக்கு முன்னால ஒருக்கா, குடிச்ச பொறவு ஒருக்கா நான் எடை போட்டு எழுதி வச்சேன், ஒரு நாளைக்குப் பதினாறு தடவை. வடிவு தூங்கிட்டிருந்தா எழுப்பி எவ்வளவுன்னு சொல்லுவேன். இவ்வளவு உழைக்கீங்களே மாமா, ஊருல போயி ஓய்வெடுங்கன்னு டிக்கெட்டக் கையில குடுத்துட்டாரு. படிக்கல்ல மட்டும் அங்கயே விட்டுட்டுப் போகச் சொன்னாரு, கதவு காத்துல அடிக்காம இருக்க முட்டுக் குடுக்க. நல்ல உபயோகம்.

இன்னைக்கு ஏர்போர்ட்ல, உள்ள போறதுக்கு முன்னால, ஆவுடை பைக்குள்ள இருந்து இந்தத் தலகாணிய எடுத்தா. அன்னைக்கு வெட்டுன எடத்த சிவப்பு நூலால தச்சிருக்கா, பாருங்க, இங்கன. என் கழுத்துல மாட்டுனா. ஓரத்துல தடவுனா. ரெண்டு தட்டு தட்டுனா. "பாத்து, நசுக்கிராதீங்க"ன்னா.

எனக்குப் பகீர்னு ஆயிட்டு. இப்ப என்னத்த வச்சிருக்கா? பக்கத்து வீட்டுக்குப் பாதாம் பருப்பா? தங்கச்சிக்கு ஏதாச்சும் கிரீமா? மறுபடியும் நான் சாக்குதானா? டாட்டா காட்டுதா, நான் காட்டல. உள்ள போயி, நேரா கக்கூஸ்ல ஒரு கதவத் திறந்து, தாழ்ப்பாளப் போட்டேன். நகைக்கடைத் தராசு ஒண்ணு, கையடக்கமா, எப்பவும் சட்டைப் பையில வச்சிருப்பேன். கழிப்பறை மூடிய இறக்கி, துடைச்சு, தராச வச்சு, அதுமேல தலகாணிய வச்சேன். கண்ணாடியப் போட்டுக்கிட்டுப் பாத்தேன்.

இருநூத்திப் பதினொண்ணு.

எடுத்துட்டு மறுக்கா வச்சேன். நான் மறுக்கா வைக்கிறவன் இல்ல, தெரியும்லா. அதே இருநூத்திப் பதினொண்ணு. இருநூத்திப் பத்து, அவ பத்திரமா எடுத்து வச்சு மறுபடி அடைச்ச பழைய பஞ்சும் உறையும். ஒரு கிராம் அவ தச்ச நூல். வேற ஒண்ணுமில்ல தம்பி. உள்ள ஒண்ணுமே இல்ல. மூடிமேல உக்காந்து அழுதுட்டேன். வெளிய ஒருத்தரு கதவத் தட்டி, உடம்பு சரியில்லையா, டாக்டரக் கூப்பிடவான்னு கேட்டாரு. "டூ லெவன்"ன்னேன். அவருக்கு என்ன புரிஞ்சுதோ, போயிட்டாரு.

அதான் சொல்லுதேன், இதத் தர முடியாது. நானே கழுத்துல போடல, அவ தட்டுன எடம் கலைஞ்சிரும்னு மடியில வச்சிருக்கேன். என்னது, மணி ஆயிட்டா? அய்யோ, கண்ணெல்லாம் செவந்து கெடக்கே உங்களுக்கு. ரெண்டு மணி நேரமா முழிச்சிக்கிட்டா இருக்கீங்க? யாராச்சும் பேசுனா தூக்கம் வராதுதான். ஒண்ணு பண்ணுங்க. என் தோள்ல சாஞ்சு தூங்குங்க, வெக்கப்படாதீங்க. நான் அசைய மாட்டேன். அப்படித்தான். இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம். பாத்து, நசுக்கிராதீங்க.